காகிதமா, கண்ணாடியா? சென்னை மாகாணத்தில் ஒரு முதல் கேமராவின் தேர்வும் அது விட்டுச்சென்ற சான்றுகளும்

ஒளிப்படக்கலை பயிலத் தொடங்கும் ஒருவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்தக் கேமராவை வாங்குவது என்பதே. இன்று அக்கேள்விக்கு விலைப்பட்டியல்களும் ஒப்பீட்டு அட்டவணைகளும் விடை தருகின்றன. 1850களில் சென்னை மாகாணத்தில் அதே கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. காகிதமா, கண்ணாடியா? அன்று கேமரா என்பது ஒரு மரப்பெட்டியும் அதன் முன்னே ஒரு லென்சும் மட்டுமே. அப்பெட்டிக்குள் எதை வைப்பது என்பதில்தான் தேர்வு இருந்தது. தமிழகக் கோயிற்கலையையும் கல்வெட்டையும் நகர வரலாற்றையும் ஆராய்வோர் எடுத்தாளும் மிகப் பழைய ஒளிப்படங்களில் பெரும்பகுதி, அக்கேள்விக்கு ஒரு படை அலுவலர் அளித்த விடையின் விளைவு. அப்படங்களில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை விளங்கிக்கொள்ள அவர் கையிலிருந்த கருவியிலிருந்து தொடங்குவது நன்று.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, பன்னிரண்டாம் சுதேசி காலாட்படையில் பணியாற்றியவர். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாய்நாடு சென்ற அவர், உடல்நலக் குறைவால் 1854 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. அந்த இடைவெளியில்தான் அவர் ஒளிப்படம் பயின்றார். சொந்த ஊரின் கப்பல்துறையும் அங்கு நின்ற மரக்கலங்களும் அவருடைய முதற்பாடங்கள். 1853இல் இலண்டனில் ஒளிப்படக் கழகம் தோன்றியபோது அவ்வாண்டே அதில் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

அவர் பயிலத் தொடங்கிய காலம் தற்செயலானதன்று. 1839இல் வெளியான டகேரோடைப் முறை உலோகத் தகட்டில் ஒரே ஒரு படத்தைத் தந்தது. அதிலிருந்து படிகள் எடுக்க இயலாது. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841இல் உரிமம் பெற்ற கேலோடைப் முறை, காகிதத்தில் நெகட்டிவை உண்டாக்கி அதிலிருந்து வேண்டிய அளவு படிகள் எடுக்க வழிசெய்தது. ஆயினும் உரிமத்தின் கட்டுப்பாடு ஆர்வலர்களைத் தடுத்தது. 1851இல் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் கொல்லோடியன் பூசும் ஈரமுறையை வெளியிட்டார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே, காகிதத்தை முன்கூட்டியே மெழுகில் தோய்க்கும் முறையை வெளியிட்டார். மறு ஆண்டில் டால்பட், தொழில்முறை உருவப்படம் நீங்கலான பிற பயன்பாடுகளுக்குத் தம் உரிமையைத் தளர்த்தினார். ஆக, 1853இல் பயிலத் தொடங்கிய ஒருவர் முன்னே இரு வழிகள் திறந்து கிடந்தன.

இலண்டனில் இருப்பவருக்குக் கண்ணாடியே மேலானதாகத் தோன்றியிருக்கும். கண்ணாடியில் நுண்விவரங்கள் துல்லியமாகப் பதிந்தன. காகிதத்தின் இழைகள் படத்தில் ஊடுருவவில்லை. ஒளிபடும் நேரமும் நிமிடங்களிலிருந்து விநாடிகளாகச் சுருங்கியது. ஆனால் அதற்கொரு கடும் நிபந்தனை இருந்தது. தகட்டில் கொல்லோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் நனைத்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, அப்போதே இருட்டறையில் துலக்கியாக வேண்டும். குளிர்நாட்டில் இதற்குச் சுமார் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கிடைக்கலாம். கொல்லோடியனில் கலந்துள்ள ஈதர் வெப்பத்தில் விரைந்து ஆவியாவதால், மதுரையின் வெயிலில் அந்த அவகாசமும் குறைந்தது. படமெடுக்கும் இடமெங்கும் இருட்டுக் கூடாரமும், இரசாயனக் குப்பிகளும், கழுவுவதற்குத் தூய நீரும், உடையக்கூடிய கண்ணாடிப் பெட்டிகளும் உடன்வர வேண்டும்.

மெழுகிட்ட காகிதம் இதற்கு மாறானது. தாளை முன்கூட்டியே ஆயத்தம் செய்து, உலர்த்தி, உறைக்குள் வைத்துப் பல நாள் எடுத்துச்செல்லலாம். படமெடுத்தபின் இரவில் தங்குமிடத்துக்குத் திரும்பி, காலிக் அமிலத்தில் நிதானமாகத் துலக்கலாம். நூறு தாள்களின் எடை நூறு கண்ணாடிகளின் எடையில் ஒரு சிறு பங்குதான். வண்டி குடை சாய்ந்தாலும் தாள் உடைவதில்லை. கூர்மைக் குறைவும், நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டிய மந்தமும் இதன் குறைகள். ஐரோப்பாவில் காகிதம் வழக்கொழிந்துகொண்டிருந்த 1850களின் பிற்பகுதியிலும் இந்தியாவில் பணியாற்றிய பலர் அதையே கையாண்டனர். ஆக்ராவில் மருத்துவர் ஜான் மர்ரி பெரிய காகித நெகட்டிவ்களில் தாஜ்மகாலைப் பதிவு செய்தது இதற்கொரு சான்று. இதைக் காலனி நாட்டின் பின்தங்கல் என்று கொள்வது பிழை. தட்பவெப்பத்தையும் சாலையையும் கணக்கிட்ட தேர்வு அது.

டிரைப் 1854இல் பெங்களூர் திரும்பியபோது காகிதத்தையே கைக்கொண்டார். அதனினும் முக்கியமான மற்றொரு முடிவு கேமராவின் அளவு பற்றியது. நெகட்டிவிலிருந்து படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று நடைமுறையில் இல்லை. நெகட்டிவின் மேல் தாளை வைத்து வெயிலில் காட்டினால் நெகட்டிவ் எந்த அளவோ அந்த அளவுக்கே படி கிடைக்கும். எனவே பெரிய படம் வேண்டுமானால் பெரிய கேமரா வேண்டும். டிரைப்பின் நெகட்டிவ்கள் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையவை. அவ்வளவு பெரிய தாளை உள்ளடக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிவது எளிதன்று. ஒரு நாளில் எடுக்கக்கூடிய படங்கள் சிலவே. ஒவ்வொரு படத்துக்கும் முன்னர் நிற்குமிடத்தையும் வெயிலின் கோணத்தையும் தீர ஆராயாமல் அவரால் லென்சின் மூடியைக் கழற்ற முடியாது.

கருவியின் முதல் சோதனை 1854 டிசம்பரில் நிகழ்ந்தது. ஹளேபீடு, பேலூர் கோயில்களை அவர் படமெடுத்தார். அடுத்த பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற கைத்தொழில் கண்காட்சியில் 68 படங்களை வைத்து முதல்தரப் பதக்கம் பெற்றார். அந்த 1855இலேயே கம்பெனியின் இயக்குநர் குழு, பழங்கட்டடங்களை வரைந்து பதிவதினும் ஒளிப்படத்தால் பதிவதை ஊக்குவிக்கத் தொடங்கியிருந்தது. வரைவதன் சுமையைச் சென்னைப் படையினர் நன்கறிவர். அப்படையைச் சேர்ந்த இராபர்ட் கில் 1840களின் நடுப்பகுதி முதல் அஜந்தா ஓவியங்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். அவர் பல்லாண்டு உழைத்துத் தீட்டியவற்றில் பெரும்பாலானவை பின்னர் 1866இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீவிபத்தில் அழிந்தன. ஒரு நெகட்டிவிலிருந்து ஐம்பது படிகள் எடுத்து ஐம்பது இடங்களில் வைக்கலாம் என்பது அரசுக்குச் சிறிய வசதியன்று.

அவ்வசதியின் அளவை டிரைப்பின் அடுத்த பணி காட்டியது. 1855இல் ஆர்தர் ஃபேர் தலைமையில் பர்மாவின் அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் அவர் ஒளிப்படக்காரராக அனுப்பப்பட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட காகித நெகட்டிவ்களுடன் திரும்பி, அவற்றுள் 120ஐத் தெரிந்து, ஐம்பது தொகுதிகள் அச்சிட்டார். ஏறத்தாழ 6,000 படிகள். ஒவ்வொன்றும் பெங்களூர் வெயிலில் தனித்தனியே அச்சாகி, கழுவி, உலர்த்தி, ஒட்டப்பட்டது. ஒரு கேமராவைத் தேர்பவர் அதன்பின் வரும் வேலையையும் சேர்த்தே தேர்கிறார் என்பதற்கு இந்த எண்ணிக்கையை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் காலத்தில் டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து புறப்பட்டார். இராயக்கோட்டை, சேலம், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று அமைந்த அப்பயணம் 1858 கோடையில் சென்னையில் முடிந்தது. நாட்டின் வடக்கே பெருங்கிளர்ச்சியின் புகை அடங்காத மாதங்கள் அவை. பயணத்தின் விளைவாக வெளியான தொகுதிகளில் திருமலை நாயக்கர் அரண்மனையும், புதுமண்டபத் தூண்களும், வண்டியூர்த் தெப்பக்குளமும், திருவரங்கக் கோபுரங்களும், தஞ்சைப் பெருவுடையார் கோயிலும் இன்று நாம் அறிந்த வகையில் முதன்முதலாக விரிவாகப் பதிவாயின.

இப்படங்களில் காகிதத்தின் நன்மை எங்கே வெளிப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புதுமண்டபம் போன்ற நீண்ட தூண் மண்டபங்களில் ஒளி பக்கவாட்டிலிருந்து மட்டுமே நுழையும். அங்கே கண்ணாடித் தகட்டிற்கும் விநாடிகள் போதா. நெடுநேரம் ஒளிபட வேண்டும். ஈரத்தகடோ அதற்குள் காயத் தொடங்கிவிடும். உலர்ந்த காகிதம் அப்படி அவசரப்படுத்துவதில்லை. வேண்டுமளவு நேரம் திறந்து வைக்கலாம். தூண்களின் வரிசையில் இருள் படிப்படியாக அடர்ந்து செல்வதை டிரைப்பின் படங்கள் அவ்வளவு செம்மையாகக் காட்டுவதற்கு அவருடைய கண் ஒரு காரணம். அவர் தேர்ந்த தாளின் பொறுமை மற்றொரு காரணம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இப்பொறுமை ஓர் அரிய பதிவைத் தந்தது. விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய, டிரைப் கேமராவைச் சுவரையொட்டி இடம்விட்டு இடம் நகர்த்தி அடுத்தடுத்துப் படமெடுத்தார். இருபத்தொரு படிகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டியபோது ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படச்சுருள் உருவாயிற்று. ஒவ்வொரு முறையும் சுவருக்கும் லென்சுக்கும் உள்ள தொலைவு மாறாதிருக்க வேண்டும். ஒளியும் பெரிதும் மாறாதிருக்க வேண்டும். ஹுல்ட்ஷ் போன்ற கல்வெட்டறிஞர்கள் மைப்படிகள் எடுத்து, 1890களில் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் இக்கோயிலின் சாசனங்களைப் பதிப்பிப்பதற்கு முப்பதாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. மைப்படி எழுத்தைத் தரும். எழுத்து எந்தக் கல்லில், எந்த மடிப்பின் கீழ், எத்தகைய சிதைவுக்கு நடுவே இருந்தது என்பதை ஒளிப்படம் தரும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இனி, காகிதம் எதை விலையாகக் கேட்டது என்று பார்க்கலாம். டிரைப்பின் மதுரையில் மனிதர்கள் மிக அரிது. ஆயிரக்கணக்கானோர் நடமாடும் கோயில் வாயில்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. தெருக்களில் வண்டியில்லை, கடையில் ஆளில்லை. இப்படங்களை முதன்முறை பார்ப்பவர், கைவிடப்பட்ட ஒரு நாகரிகத்தின் எச்சங்களைக் காண்பதாக எண்ணக்கூடும். காலனிய எழுத்தும் தென்னாட்டுக் கோயில்களை அவ்வாறே, வாழ்வு ஓய்ந்த தொல்பொருள்களாகப் பல இடங்களில் வருணித்தது. படமும் எழுத்தும் ஒன்றையொன்று உறுதிசெய்வது போலத் தோன்றுவது இங்குதான் ஆபத்தாகிறது. நிமிடக் கணக்கில் ஒளிபடும் தாளில், நடந்து செல்பவர் ஒரு சுவடும் விடாமல் மறைந்துவிடுவார். சிறிது நின்று நகர்பவர் புகைபோலப் படிவார். வெறுமைக்கு முதற்காரணம் மதுரையன்று, மெழுகுத்தாள்.

ஆயினும் பழி முழுவதையும் தாளின் மேல் சுமத்துவதும் முறையாகாது. அரசுப் பணியின் திட்டத்தில் பழங்கட்டடங்களோடு மாகாணத்து மக்களின் உடை, வழக்கம், தொழில், கருவிகள் முதலியவற்றைப் பதிவதும் இடம்பெற்றிருந்தது. உட்கார வைத்தோ நிற்கச் சொல்லியோ எடுக்கக் காகிதத்திலும் முடியும், பிறர் எடுத்துமிருக்கின்றனர். டிரைப் கண்ணாடியையும் அறியாதவர் அல்லர். அதே பயணத்தில் ஸ்டீரியோ படங்களுக்காகச் சிறிய இரட்டைக்கண் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் அவர் கையாண்டார்; மதுரைக்கும் திருச்சி, தஞ்சைக்கும் தனித்தனி ஸ்டீரியோ தொகுதிகள் வெளியாயின. ஆகவே பெருங்கேமராவை எதன்முன் நிறுத்துவது என்பது ஒவ்வொரு நாளும் அவர் செய்த தெரிவு. அளவறிந்து கோடிழுக்கும் படைப்பொறியாளரின் பார்வையை ஒத்த கண் அவருடையது. கட்டடம் அக்கண்ணுக்குப் பொருந்தியது. கட்டடமே அக்கருவிக்கும் பொருந்தியது. கருவியும் நாட்டமும் ஒன்றையொன்று வலுப்படுத்தும்போது விடுபடுவது எது என்று கேட்க அங்கு எவருமில்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. காகித நெகட்டிவ் நீலநிற ஒளியை மிகுதியாக ஏற்பதால் வானம் வெறும் வெண்பரப்பாகப் பதியும். பச்சை இலைகளோ கருந்திட்டாகும். டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் நிறமிட்டு மேகங்களை வரைந்தார். இலைகளுக்கு ஒளி சேர்த்தார். திருவரங்கக் கோபுரத்தின் பின்னே மிதக்கும் மேகம் அன்று அங்கு இருந்திராமல் இருக்கலாம். இதனை மோசடி என்று சொல்வது காலமுரண். ஆனால் அப்படங்களைச் சான்றாக எடுத்தாளும் மாணவர், கோபுரத்தின் சுதைச் சிற்பத்துக்கு அளிக்கும் நம்பிக்கையை வானத்துக்கும் மரத்துக்கும் அளிக்கலாகாது. ஒரே படத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு சான்றுமதிப்பு உண்டு என்பதை ஒளிப்பட ஆவணத்தைப் பயில்வோர் முதற்பாடமாகக் கொள்ள வேண்டும்.

அரசின் ஒளிப்படக்காரர் என்ற பதவி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கிளர்ச்சிக்குப் பிந்தைய நிதிநெருக்கடியில் இது ஓர் ஆடம்பரச் செலவு என்று முடிவு செய்தார். 1860இல் பணி முடிவுற்றது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் அவர் ஒளிப்படத்தில் பெரிதாக ஈடுபடவில்லை. ஆறாண்டுக்குள் தொடங்கி முடிந்த பணி அது. ஆனால் தொழில் மறையவில்லை. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கி, பின்னர் அரசு ஏற்றுக்கொண்ட கலைப்பள்ளியில் ஒளிப்படம் கற்பிக்கப்பட்டது. இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முன்னோடி அப்பள்ளி. 1856இல் உருவான சென்னை ஒளிப்படக் கழகத்துக்கும் ஹண்டரே முன்னின்றார். ஆங்கிலப் பதிவுகளில் சி. ஐயாசாமி என்று குறிக்கப்படுபவர் டிரைப்பிடம் உதவியாளராக இருந்து, பின் கலைப்பள்ளியின் ஒளிப்படப் பணியோடு இணைந்தவர். தமிழகத்தின் முதல் ஒளிப்படத் தொகுதிகளுக்குப் பின்னால் தாளைத் தோய்த்த, வண்டியை ஏற்றியிறக்கிய, வெயிலில் அச்சிட்ட கைகளில் பெயரோடு எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

பத்தாண்டு கழித்து அதே கோயில்கள் கண்ணாடியில் பதிவாயின. உதகையில் நிலையம் நடத்திய எட்மண்ட் டேவிட் லயன், 1867-68இல் சென்னை அரசின் பணிப்பின்பேரில் தென்னாட்டுக் கட்டடங்களை ஈரக் கொல்லோடியன் முறையில் படமெடுத்தார். அப்படங்களுக்கான குறிப்புகளைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் பதிப்பித்தார். டிரைப்பின் படத்தையும் லயனின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வகுப்பறையில் செய்யத்தக்க நல்ல பயிற்சி. இரண்டாவதில் சிற்பத்தின் விளிம்பு கூர்மையடைகிறது; நிழலின் ஆழம் வேறுபடுகிறது. பத்தாண்டில் கோயில் மாறியதா, கருவி மாறியதா என்பதைப் பிரித்தறியாமல் இரண்டையும் ஒப்பிட்டுச் சிதைவின் வேகத்தை அளக்க முயல்வது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும்.

கண்ணாடி வந்ததும் மனிதரும் படத்துக்குள் வந்தனர். ஆனால் எவ்வாறு வந்தனர்? 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியான இந்திய மக்கள் பற்றிய அரசு நூல், அவர்களைக் குலங்களின் மாதிரிகளாக நிறுத்தியது. 1873இல் வெளியான பிரீக்ஸின் நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூலும் இவ்வகையைச் சார்ந்தது. விநாடிகளில் பதியும் தகடு ஒரு நெசவாளரை அவர் தறியின்முன் கண்டிருக்கலாம். பெரும்பாலும் திரைச்சீலையின்முன் நிறுத்தியது. வேகமான கருவி கிடைத்த அளவிலேயே பார்வை மாறிவிடாது. காகிதம் மக்களை விட்டுவிட்டது என்றால், கண்ணாடி அவர்களைப் பெயர் நீக்கிச் சேர்த்தது. முதலாவதற்கு இரசாயனம் பாதிக் காரணம். இரண்டாவதற்கு அந்தச் சமாதானமும் இல்லை.

1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் அறிமுகப்படுத்திய ஜெலட்டின் உலர்தகடு, மேம்படுத்தப்பட்ட பின் காகிதம், கண்ணாடி என்ற பழைய வழக்கையே முடித்துவைத்தது. உலர்ந்தும் இருந்தது, வேகமாகவும் இருந்தது. 1888இல் கோடாக், 1900இல் பிரவுனி என்று கருவி சிறுத்து விலை இறங்கியது. வேதியியல் அறியாதவரும் படமெடுக்கலாயினர். சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில், பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் த்ரீ எண்ணற்ற இந்தியக் குடும்பங்களின் முதல் கேமரா ஆயிற்று. 1960இல் உதகையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், இந்து என்ற பெயரில் படச்சுருளை உள்நாட்டிலேயே தந்தது. கிளிக் த்ரீயில் தேர்வதற்கு அதிகமில்லை. நல்ல வெயில் வேண்டும், சற்றே தள்ளி நிற்க வேண்டும். நம் வீட்டு ஆல்பங்களில் தாத்தா பாட்டிகள் முற்றத்திலும் வாசலிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதும், அடுப்படியில் அவர்களைக் காண முடியாததும் இதனாலேயே. டிரைப்பின் மதுரையைப் போலவே அந்த ஆல்பங்களுக்கும் ஓர் இரசாயனமும் ஓர் ஒளியியலும் உண்டு.

சந்தை தருவதை ஏற்காமல், தேவையிலிருந்து கருவியை நோக்கிச் சென்ற தமிழர் ஒருவரையும் இவ்வரலாற்றில் குறிப்பிட வேண்டும். எழுத்தாளர் அ. மாதவையாவின் இளைய மகனான மா. கிருஷ்ணன் (1912-1996) இயற்கையியலாளர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 1950 முதல் இறுதிநாள் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் பத்தி எழுதியவர். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்குச் ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். யானையை அதன் காட்டோடு சேர்த்து, தோலின் மடிப்பும் புல்லின் இழையும் தெரியப் பதிவதே அவர் நாட்டம். அதற்குப் பெரிய நெகட்டிவ் வேண்டும். விலங்கு அசைவதால் வேகமும் வேண்டும். கடையில் கிடைத்தவற்றுள் இரண்டும் கைக்கெட்டும் விலையில் சேர்ந்து அமையவில்லை, ஆகவே சேர்த்துக்கொண்டார். எதை இழக்கச் சம்மதம், எதை இழக்கச் சம்மதமில்லை என்பதில் அவருக்கிருந்த தெளிவே அக்கருவியின் வடிவம்.

இக்கேள்வி எல்லைப்புறத் தமிழ்ப் பகுதிகளுக்குத் தனிப்பொருள் உடையது. டிரைப் வெளியிட்ட தொகுதிகளின் தலைப்புகளில் அன்றைய வடஆர்க்காடு இல்லை. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அம்மாவட்டத்தில் சந்திரகிரிக் கோட்டையின் இராஜமகால் அன்றும் நின்றது. குடிமல்லத்து இலிங்கம் அன்றும் வழிபாட்டில் இருந்தது. பெங்களூரிலிருந்து தெற்கே திரும்பிய வண்டித்தடம் அவற்றைத் தொடவில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதும், மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் அது ஆந்திரத்தில் அமைந்ததும், 2022இல் திருப்பதி தனி மாவட்டமானதும் இப்பகுதியின் ஆவணங்களைப் பல ஊர்களின் அலுவலகங்களுக்குப் பிரித்துவிட்டன. விஜயபுரம், நகரி, புத்தூர் வட்டாரத்தின் கட்டடங்கள் ஓரளவு பதிவாகியுள்ளன. விசைத்தறிக் கூடங்களுக்கும், புத்தூர்க் கட்டுப் போடுபவரின் கைகளுக்கும், தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்தோடும் சந்தைக்கும் கிடைத்த பதிவு அந்த அளவினதன்று.

நகரியின் விசைத்தறிக் கூடமொன்றைப் படமெடுக்கச் செல்லும் மாணவர், 1854இல் டிரைப் எதிர்கொண்ட அதே இடரைச் சந்திப்பார். கூடம் இருண்டிருக்கும், தறியோ ஓயாது ஓடும். இருளுக்காகத் திரையை நெடுநேரம் திறந்தால் நாடாவும் நெய்பவரின் கையும் கலைந்து மறையும். அசைவை நிறுத்த நேரத்தைக் குறைத்தால் கூடத்தின் மூலைகள் கருமையில் அமிழும். அகன்ற துவாரமுள்ள லென்ஸ், பெரிய சென்சார், கூடுதல் ஒளியுணர்வு ஆகியவை அந்த இடரைத் தணிக்கும். ஒவ்வொன்றும் தன் விலையைப் பணமாகவோ எடையாகவோ படத்தின் மணற்றன்மையாகவோ வாங்கிக்கொள்ளும். கைப்பேசியோ மென்பொருளால் இருளை நிரப்பித் தரும். டிரைப் தூரிகையால் வரைந்த மேகத்தின் இன்றைய வடிவம் அது. எனவே கடைக்குப் போகுமுன் அம்மாணவர் கூடத்துக்குக் கருவியின்றி ஒருமுறை போய்வருவது பயன் தரும். அங்கே எதன் பொருட்டுப் பதிவு செய்கிறோம் என்பது முடிவானால், எந்த இழப்பைத் தாங்கலாம் என்பதும் தெரியும். அந்த இழப்பைப் படத்தின் குறிப்பிலேயே எழுதிவைத்தால், நூறாண்டு கழித்து அதைப் பார்ப்பவர், தறியின்முன் ஆளில்லாத கூடத்தைக் கண்டு அவ்வூரில் நெய்பவரே இருந்ததில்லை என்று எண்ணமாட்டார்.